ஆஸ்கர் மீனுக்கு எத்தனை அடி தொட்டி? – ஒரு வரலாறு

1831-ஆம் ஆண்டு லூயி அகாசி என்ற இளம் சுவிஸ் விஞ்ஞானி ஒரு மீனுக்குப் பெயர் வைத்தார். ஸ்பிக்ஸ், மார்ட்டியஸ் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1817 முதல் 1820 வரை பிரேசிலைச் சுற்றி வந்து சேகரித்துக் கொண்டுபோன உயிரினங்களில் அந்த மீனும் ஒன்று. ஸ்பிக்ஸ் 1826-லேயே இறந்துவிட்டதால், மீன்களை வகை பிரிக்கும் வேலை அகாசியின் தலையில் விழுந்தது. வாலடியில் கண் போன்ற ஒரு வட்டம் இருந்த இந்த மீனை அவர் கடல் மீன் என்று நினைத்துவிட்டார்! லோபோட்டஸ் என்ற கடல் மீன் இனத்தோடு அதைச் சேர்த்தார். 1839-இல் வில்லியம் ஸ்வெயின்சன் அஸ்ட்ரோநோட்டஸ் என்ற புதிய பேரினத்தை உருவாக்கிய பிறகுதான் அதற்குச் சரியான இடம் கிடைத்தது. அகாசி பிரேசில் மண்ணை மிதித்ததே 1865-இல்தான். அதாவது பெயர் வைத்து 34 வருடம் கழித்து.

அந்த மீன்தான் இன்று எல்லா மீன் கடையிலும் கிடைக்கும் ஆஸ்கர். அமேசான் ஆற்றுப் பகுதியின் நன்னீர் மீன். உயிரோடு பார்க்காமல், அது எங்கே எப்படி வாழ்கிறது என்று தெரியாமல் முடிவு செய்த முதல் ஆள் அகாசி. கடைசி ஆள் இல்லை. ஆஸ்கர் விஷயத்தில் அந்தப் பழக்கம் இன்னும் தொடர்கிறது.

கடையில் விற்கும்போது ஆஸ்கர் 4 அல்லது 5 செ.மீ. இருக்கும். பார்க்க நாய்க்குட்டி மாதிரி. கையைக் காட்டினால் பின்னாலேயே வரும். நன்றாகச் சாப்பாடு போட்டால் மாதத்துக்கு ஒரு அங்குலம் வளர்ந்து, ஒரு வருடத்தில் 25 முதல் 30 செ.மீ. ஆகிவிடும். நம் ஊரில் முதல்முறை மீன் வளர்ப்பவர்கள் வாங்குவது பெரும்பாலும் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி. அகலம் 30 செ.மீ., மீனும் 30 செ.மீ. அது திரும்ப வேண்டும் என்றால் உடம்பை வளைத்தாக வேண்டும்.

இந்த 2 அடித் தொட்டி எங்கிருந்து வந்தது? பெரிய மீனுக்கு எவ்வளவு பெரிய தொட்டி என்ற கேள்விக்கு மனிதர்கள் இதுவரை என்னென்ன பதில் சொன்னார்கள்? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் சுவாரசியமாகத்தான் இருக்கிறது.

கிண்ணத்தில் அடங்கிய மீன்

அலங்கார மீன் வளர்ப்பின் ஆரம்பம் சீனா. சோங் வம்ச காலத்தில் தங்கமீன்கள் குளங்களில் வளர்ந்தன. பின்னர் மிங் வம்ச காலத்தில் வீட்டுக்குள், மண்பாண்டங்களுக்கும் பீங்கான் தொட்டிகளுக்கும் வந்தன. குளத்தில் இருந்து கிண்ணத்துக்கு வந்த இந்த மாற்றம் சின்ன விஷயம் இல்லை. கிண்ணத்துக்கு ஏற்றபடி மீனையே மாற்றிவிட்டார்கள். வேகமாக நீந்தாத, உருண்டையான, மேலிருந்து பார்க்க அழகான மீன்களைத் தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்தார்கள். பாத்திரத்துக்கு ஏற்ற மீன். பல நூறு வருடம் எடுத்துக்கொண்ட வேலை இது.

ஐரோப்பாவுக்குத் தங்கமீன் போனது 17-ஆம் நூற்றாண்டில். 1665 மே மாதம் லண்டனில் சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில், ஒரு வீட்டில் கண்ணாடிப் பாத்திரத் தண்ணீரில் வெளிநாட்டு மீன்கள் உயிரோடு இருந்ததைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். அவை அப்படியே என்றென்றும் உயிரோடு இருக்கும் என்று அவருக்குச் சொல்லப்பட்டதாம். மீன் விற்பனையில் சொல்லப்படும் முதல் பொய் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் தங்கமீன் ஓரளவுக்கு அந்தப் பொய்யைக் காப்பாற்றியது. அதற்கு ஒரு விசித்திரமான திறமை உண்டு. ஆக்சிஜன் இல்லாத நீரில், உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை எத்தனாலாக, அதாவது சாராயமாக, மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடும். பனி மூடிய குளங்களில் குளிர்காலத்தைத் தாண்ட இயற்கை கொடுத்த வழி இது. இப்படிப்பட்ட ஒரு மீன் கிண்ணத்தில் உயிரோடு இருந்ததை வைத்துக்கொண்டு, மீன் என்றால் கிண்ணம் போதும் என்று உலகம் முடிவு செய்தது. ஒட்டகத்தை வைத்து மாட்டுக்குத் தண்ணீர் அளவு முடிவு செய்த கதை!

12 காலன் பரிசோதனை

இப்போது 1849-க்கு வருவோம். லண்டன் மருந்தாளர் சங்கத்தில் வேதியியலாளராக இருந்தவர் ராபர்ட் வாரிங்டன். ஏறக்குறைய 12 காலன் கொள்ளும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு சின்னத் தங்கமீன்களையும், வாலிஸ்னேரியா என்ற நீர்த்தாவரத்தையும் வைத்தார். செடி ஆக்சிஜன் கொடுக்கும், மீன் கரியமில வாயு கொடுக்கும், தண்ணீர் மாற்றவே வேண்டாம் என்பது திட்டம். கொஞ்ச நாளில் செடியின் இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. உடனே குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகிய இலைகளைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. 1850-இல் இதை வேதியியல் சங்கத்தின் இதழில் எழுதினார்.

அந்த நேரம் மிகப் பொருத்தமான நேரம். பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி 1845-இல் நீக்கப்பட்டுக் கண்ணாடி விலை இறங்கியிருந்தது. 1853-இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. 1854-இல் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய புத்தகம் அக்வேரியம் என்ற சொல்லை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நடுத்தர வர்க்க வீடுகளின் வரவேற்பறையில் மீன் தொட்டி வந்து உட்கார்ந்தது.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். 12 பிரிட்டிஷ் காலன் என்றால் ஏறக்குறைய 54 லிட்டர். 1998-இல் ஜெர்மனியின் விவசாய அமைச்சகம் வெளியிட்ட நிபுணர் அறிக்கை, அலங்கார நன்னீர் மீன்களுக்குப் பொதுவான குறைந்தபட்சத் தொட்டி அளவாகச் சொன்னது 54 லிட்டர். நம் ஊர் 2 அடி × 1 அடி × 1 அடி தொட்டி 56 லிட்டர். லண்டன் மருந்தாளர் ஒருவர் கையில் கிடைத்த பாத்திரம், ஜெர்மன் அறிக்கை, கொளத்தூர் மீன் கடை... மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒன்றைப் பார்த்து இன்னொன்று வந்ததாகச் சொல்ல முடியாது. ஒரு மேசையில் வைக்க, இரண்டு பேர் தூக்க முடிகிற அளவு இது, அவ்வளவுதான். ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம், வாரிங்டன் அதில் விட்டது இரண்டு 'சின்ன' மீன்கள். ஜெர்மானியர்கள் 54 லிட்டர் என்று சொன்னதும் சின்ன மீன்களுக்கான அடிமட்ட அளவாகத்தான். அதில் ஆஸ்கரை விடுவது நாம்தான்.

நிலத்தடித் தண்ணீர்

விக்டோரியா காலத்தில் எல்லோரும் வாரிங்டனின் சமநிலைத் தொட்டியைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, வேறு மாதிரி யோசித்த ஒருவர் இருந்தார். பெயர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட். முதலில் புத்தகம் பைண்டிங் செய்துகொண்டிருந்தவர், பிறகு லண்டனில் மீன் தொட்டிக் கடை வைத்தார். 1864-இல் திறந்த ஹாம்பர்க் மீன் காட்சியகத்தை அமைத்தார். 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஒரு பெரிய மீன் காட்சியகம் கட்டினார்.

கிரிஸ்டல் பேலஸில் பார்வையாளர்கள் கண்ணுக்குத் தெரிந்த தொட்டிகளைப் போல் ஐந்து மடங்கு தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் தரைக்கடியில் இருட்டான பெரிய நீர்த்தேக்கத்தில் இருந்தது. பம்புகள் ஓய்வில்லாமல் தண்ணீரை மேலும் கீழும் சுற்றிவிட்டன. ஒரு தொட்டியில் ஏதாவது செத்து அழுகினாலும், அந்த அழுக்கு மொத்தத் தண்ணீரிலும் கலந்து நீர்த்துப்போகும். இன்று பெரிய தொட்டிகளுக்குக் கீழே அலமாரிக்குள் மறைத்து வைக்கும் 'சம்ப்' தொட்டி என்பது லாயிட் யோசனையின் குட்டி வடிவம்தான்.

லாயிட் கடல் நீரில்தான் அதிகம் வேலை செய்தார். ஆனால் பெரிய நன்னீர் மீனுக்கும் அவர் யோசனை ஒரு முக்கியமான விஷயத்தைப் புரியவைக்கிறது. தொட்டி அளவு என்பது இரண்டு தனித்தனிக் கேள்விகள். ஒன்று, மீனின் கழிவு கரைய எவ்வளவு தண்ணீர் வேண்டும்? இரண்டு, மீனின் உடம்பு நீந்தித் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும்? முதல் கேள்விக்குப் பதிலைத் தரைக்கடியில் ஒளித்து வைக்கலாம். பம்பு, ஃபில்டர், தண்ணீர் மாற்றுவது என்று சமாளிக்கலாம். இரண்டாவது கேள்விக்கு எந்த இயந்திரமும் உதவாது. கண்ணாடி எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும்.

அதற்குப் பிறகு வந்த நூறு வருடத்தில் வீட்டுத் தொட்டி பற்றிய எல்லா விதிகளும் முதல் கேள்வியை மட்டுமே கேட்டன. அதையும் தப்பாகக் கேட்டன என்பதுதான் வேடிக்கை.

அங்குலக் கணக்கு

20-ஆம் நூற்றாண்டில் மீன் வளர்ப்புப் புத்தகங்களில் புகழ்பெற்ற விதி மேற்பரப்பு விதி. வெப்பமண்டல மீன் என்றால் உடல் நீளம் ஒரு அங்குலத்துக்கு 12 சதுர அங்குல நீர்ப்பரப்பு. குளிர்நீர் மீன் என்றால் 30 சதுர அங்குலம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. தண்ணீருக்குள் ஆக்சிஜன் பெரும்பாலும் மேற்பரப்பு வழியாகத்தான் வருகிறது. செடியும் மீனும் ஒன்றுக்கொன்று சமன் செய்துகொள்ளும் என்ற வாரிங்டன் காலத்து நம்பிக்கையை, சார்லஸ் பிரீடர் போன்ற அமெரிக்க மீனியலாளர்களின் சோதனைகள் ஆட்டம் காண வைத்தன. 1949-இல் ஜேம்ஸ் ஆட்ஸ் சமநிலைத் தொட்டி என்பதே கட்டுக்கதை என்று கட்டுரை எழுதினார்.

அமெரிக்காவில் இன்னும் சுலபமான ஒரு விதி பரவியது. ஒரு காலனுக்கு ஒரு அங்குல மீன். சொல்ல எளிது, விற்க அதைவிட எளிது.

இந்த இரண்டு விதிகளையும் நம் 2 அடித் தொட்டியில் போட்டுப் பார்ப்போம். 24 அங்குலம் × 12 அங்குலம் = 288 சதுர அங்குலம். 12-ஆல் வகுத்தால் 24. அதாவது 24 அங்குல மீன் விடலாம். ஒரு அடி ஆஸ்கர் இரண்டு! காலன் விதிப்படி 56 லிட்டர் என்பது 15 அமெரிக்க காலன். ஆகவே 15 அங்குலம். ஒரு ஆஸ்கரை விட்டது போக இன்னும் 3 அங்குலம் மிச்சம் இருக்கிறது!! இப்படி ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தொட்டியில் ஆஸ்கரை விட்டவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

தப்பு எங்கே நடந்தது என்பது பத்தாம் வகுப்புக் கணக்குதான். நீளம் இரண்டு மடங்கானால் கன அளவு எட்டு மடங்காகும். நியான் டெட்ரா என்ற சின்ன மீன் 3 செ.மீ. இருக்கும். ஆஸ்கர் 30 செ.மீ. பத்து நியான்களை வரிசையாக வைத்தால் ஒரு ஆஸ்கர் நீளம். அங்குல விதியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஆனால் நீளம் பத்து மடங்கு என்றால் எடை ஆயிரம் மடங்கு. ஆக, ஒரு ஆஸ்கரின் எடை பத்து நியான்களின் மொத்த எடையைப் போல் நூறு மடங்கு. ஆஸ்கர் உடம்பு நியானைவிட அகன்றது என்பதால் உண்மையில் அதற்கும் மேல். பெரிய மீன் ஒரு கிராம் எடைக்குச் சாப்பிடும் உணவு சின்ன மீனைவிடக் குறைவு என்பது உண்மைதான். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பல பத்து மடங்கு வித்தியாசம் வரும்.

சாப்பாடு என்றால் கழிவு. கழிவு என்றால் அம்மோனியா. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களை 1890-வாக்கில் செர்கெய் வினோகிராட்ஸ்கி தனியே பிரித்துக் காட்டினார். ஃபில்டர் என்று நாம் மாட்டுவது இந்த பாக்டீரியாக்களுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பதுதான். (இதில் ஒரு துணைக் கதை உண்டு. தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றுதான் புத்தகங்கள் நெடுநாள் சொல்லிவந்தன. 1998-இல் டிமோதி ஹோவனெக் குழுவினர் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று கண்டுபிடித்தார்கள்.)

ஒரு கணக்குப் போடலாம். வளர்ந்த ஆஸ்கருக்கு ஒரு நாளைக்கு 10 கிராம் தீவனம், கொஞ்சம் தாராளமாகவே, என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் புரதம் என்றால் 4 கிராம். புரதத்தில் நைட்ரஜன் 16 சதவீதம், ஆக 0.64 கிராம். அதில் 0.4 கிராம் வெளியேறுகிறது என்று கொள்ளலாம். ஃபில்டர் அதை முழுக்க நைட்ரேட்டாக மாற்றினால் ஏறக்குறைய 1.8 கிராம் நைட்ரேட். 100 லிட்டர் தொட்டியில் இது லிட்டருக்கு 18 மில்லிகிராம். ஒரு வாரத்தில் 120-ஐத் தாண்டும். 300 லிட்டர் தொட்டியில் அதே ஒரு வாரத்தில் 40-ஐத் தொடும். மீன் வளர்ப்பவர்கள் பலர் 40-க்குள் வைத்திருக்கப் பார்ப்பார்கள். 300 லிட்டரில் வாரம் ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்றினால் ஓரளவுக்குச் சமாளிக்கலாம், தீவனத்தையும் கொஞ்சம் குறைத்தால் இன்னும் நல்லது. 56 லிட்டரில்? தினமும் வாளியும் கையுமாக நிற்க வேண்டியதுதான். ஆஸ்கர் தலையில் குழி குழியாக விழும் நோயைப் பலர் பார்த்திருப்பார்கள். அசுத்தமான தண்ணீர், சத்துக் குறைவு, குடல் ஒட்டுண்ணி மூன்றோடும் அந்த நோய் தொடர்புபடுத்தப்படுகிறது.

கோந்து செய்த புரட்சி

வீட்டில் பெரிய தொட்டி வைப்பதே நெடுங்காலம் கஷ்டமான காரியமாக இருந்தது. அந்தக் காலத் தொட்டி என்றால் இரும்புச் சட்டம், அடியில் பலகைக் கல், நான்கு பக்கம் கண்ணாடி, ஓரமெல்லாம் புட்டி. துருப்பிடிக்கும், புட்டி காய்ந்து ஒழுகும். 1960-களில் சிலிகான் பசை வந்தது. கண்ணாடியைக் கண்ணாடியோடு நேராக ஒட்ட முடிந்தது. லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த மார்ட்டின் ஹோரோவிட்ஸ்தான் முழுக் கண்ணாடித் தொட்டியை முதலில் செய்தார் என்று பொதுவாகச் சொல்வார்கள். சட்டம் போனது, துரு போனது, 4 அடியும் 6 அடியும் வீட்டுக்குள் வந்தன.

ஏறக்குறைய அதே காலகட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. ஆக்சிஜன் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளும் விமானச் சரக்கும் சேர்ந்து, தென் அமெரிக்க, தென்கிழக்கு ஆசிய மீன் குஞ்சுகளை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. பைக்குள் போவது குஞ்சுதான். 5 செ.மீ. ஆஸ்கர், 7 செ.மீ. ரெட் டெயில் கேட்ஃபிஷ், விரல் நீள அரோவானா. முழு வளர்ச்சி அடைந்த மீனை யாரும் பையில் போட்டு விற்பதில்லை. விற்கும்போது எல்லா மீனும் சின்ன மீன். இந்த வியாபாரத்தின் சூட்சுமமே அதுதான்.

தொட்டியின் மூன்று அளவுகளில் எது விலையை ஏற்றுகிறது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. 6 அடி நீளம் 2 அடி உயரத் தொட்டியின் முன் கண்ணாடி மீது ஏறக்குறைய 340 கிலோ எடைக்குச் சமமான விசை அழுத்திக்கொண்டிருக்கும். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் அது நான்கு மடங்காகும், கண்ணாடி தடிமனாக வேண்டும். ஆனால் அகலத்தை எவ்வளவு கூட்டினாலும் முன் கண்ணாடி மீதான விசை ஒரு கிராம் கூட ஏறாது. பெரிய மீனுக்கு மிகவும் தேவையானது அகலம்தான், அது திரும்புவதற்கு. அப்படியிருந்தும் கடைகளில் கிடைப்பது நீளமாக, உயரமாக, ஒல்லியாக இருக்கும் தொட்டிகள். காரணம் மீன் இல்லை, சோபாவுக்குப் பின்னால் சுவரோரம் இருக்கும் இடம்.

எடையையும் சொல்லிவிட வேண்டும். 6×2×2 அடித் தொட்டியில் 680 லிட்டர், அதாவது 680 கிலோ தண்ணீர். அது நிற்கும் இடம் 1.1 சதுர மீட்டர். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 குடியிருப்பு அறைகளுக்குக் கணக்கில் எடுக்கும் பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு. இது மூன்று மடங்கு! அறை முழுக்கப் பரவும் பாரத்துக்கான கணக்கு அது என்பதால் தளம் உடனே இடிந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் மூன்றாம் மாடியில் அறை நடுவில் இப்படி ஒன்றை வைக்கும் முன் ஒரு பொறியாளரிடம் கேட்பது நல்லது. உத்தரத்துக்கு மேலே, சுவரை ஒட்டி வைப்பார்கள்.

"தொட்டி அளவுக்குத்தான் வளரும்"

மீன் கடைகளில் தலைமுறைகளாகக் கேட்கும் வசனம் இது. சின்னத் தொட்டியில் விட்டால் மீன் சின்னதாகவே இருந்துவிடுமாம். மீன் ஏதோ டேப் வைத்துத் தொட்டியை அளந்து பார்த்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்வது போல!

இதில் பாதி உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. நெருக்கடியான, கழிவு சேர்ந்த தண்ணீரில் மீனின் வளர்ச்சி குறையும். சரியான உணவும் இடமும் இல்லாத குழந்தை வளர்த்தியில்லாமல் இருப்பது போலத்தான். யாரும் அதை வீட்டு அளவுக்கு ஏற்ப வளர்ந்த குழந்தை என்று சொல்வதில்லை. இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் இணையத்தில் சுற்றுகிறது. உடம்பு நின்றுவிடும், உள்ளுறுப்புகள் மட்டும் வளர்ந்து மீன் வெடித்துச் சாகும் என்று. அதற்கும் ஆதாரம் கிடையாது. நல்லெண்ணத்தில் சொன்ன பொய்யும் பொய்தான்.

இந்த நம்பிக்கையைக் காப்பாற்றியதும் பழைய தங்கமீன்தான். இங்கிலாந்தில் 1956-இல் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் 43 வருடம் வாழ்ந்து 1999-இல் இறந்தது, கின்னஸிலும் இடம் பிடித்தது. இதைக் காட்டித் தொட்டி அளவெல்லாம் ஒரு பொருட்டா என்று கேட்பவர்கள் உண்டு. திருவிழாவில் பரிசாகப் போன மற்ற மீன்கள் எத்தனை நாள் இருந்தன என்று கின்னஸ் எழுதி வைப்பதில்லை.

இப்போது அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் அங்குலக் கணக்கை விட்டுவிட்டு, முழுதாக வளர்ந்த மீனின் நீளத்தில் இருந்து தொடங்குகிறார்கள். தொட்டி நீளம் அதைப் போல் குறைந்தது நான்கு மடங்கு, அகலம் முடிந்தால் இரண்டு மடங்கு என்பது பரவலாகப் பேசப்படும் ஒரு கணக்கு. 30 செ.மீ. ஆஸ்கருக்கு 120 × 60 செ.மீ., உயரம் 50 செ.மீ. வைத்தால் 360 லிட்டர். வீட்டில் வைக்கலாம், முடியாத காரியம் இல்லை.

அரோவானாவுக்கு வந்தால் கணக்கு இடிக்கிறது. தென் அமெரிக்க வெள்ளி அரோவானா 90 செ.மீ. வரை வளரும். காட்டில், தண்ணீருக்கு மேலே தொங்கும் கிளைகளில் இருக்கும் பூச்சிகளை எம்பிப் பிடிக்கும் மீன் அது. நான்கு மடங்கு என்றால் 12 அடித் தொட்டி, அதற்குக் கனமான மூடி! அதன் ஆசிய உறவினரான டிராகன் மீன் 1975-இல் அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அரிதான மீன் என்று பெயர் வந்ததும் விலை ஏறியது. பிறகு பதிவு பெற்ற பண்ணைகளில் வளர்த்து, உடம்பில் மைக்ரோசிப் வைத்து விற்கிறார்கள். காரை விட விலை கூடிய மீன் உண்டு. அதற்கும் பலர் கொடுப்பது 6 அடித் தொட்டி, 2 அடி அகலம்.

ரெட் டெயில் கேட்ஃபிஷ் 120 செ.மீ.யைத் தாண்டும். அதே கணக்கைப் போட்டால் 4.8 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். மொத்தம் 13,800 லிட்டர். சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று முழுதாகக் கொட்டினாலும் நிரம்பாது. 7 செ.மீ. குஞ்சை யாரோ ஒரு பையில் போட்டுக் கொடுத்தது இதற்குத்தான்.

2000-களின் நடுவில் பிரிட்டனின் பொது மீன் காட்சியகங்கள் சேர்ந்து இதற்கு எதிராக ஒரு பிரச்சாரமே நடத்தின. வளர்ந்த மீனைச் சமாளிக்க முடியாதவர்கள் எல்லாரும் காட்சியகக் கதவைத் தட்ட ஆரம்பித்ததுதான் காரணம். அவர்களிடமும் இடம் இல்லை.

சட்டங்களும் மெதுவாக எட்டிப் பார்த்தன. இத்தாலியின் மோன்சா நகரம் 2004-இலும், ரோம் 2005-இலும் உருண்டைக் கிண்ணங்களைத் தடை செய்தன. சுவிட்சர்லாந்து 2008-இல் கொண்டுவந்த விதி இன்னும் கூர்மையானது. இயற்கையில் ஒரு மீட்டருக்கு மேல் வளரும் அயல்நாட்டு மீனை வைத்திருக்க அனுமதி வாங்க வேண்டும். இன்று எவ்வளவு நீளம் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை, எவ்வளவு வளரும் என்று கேட்டது. அகாசி பிறந்த நாடு! இந்தியாவில் 2017 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மீன் கடைகளுக்கான விதிகளை வெளியிட்டது. கிண்ணத்தில் மீன் வைக்கக்கூடாது என்பதும் அதில் இருந்தது. வியாபாரிகளிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது, பின்னர் அந்த விதிகள் விலக்கிக்கொள்ளப்பட்டன.

தொட்டியில் இடம் போதாத மீன் எங்கே போகும்? சிலர் கடைக்கே திருப்பிக் கொடுப்பார்கள். சிலர் இரவில் ஏரியில் விட்டுவிட்டு, பாவம் பிழைத்துப் போகட்டும் என்று திரும்பி வருவார்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று விற்கும் சக்கர் மீன் அரை மீட்டர் நெருங்க வளரும். அது இன்று தமிழக, கேரள நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது, வலையில் சிக்கினால் மீனவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். 2018 கேரள வெள்ளத்தின்போது வளர்ப்பிடங்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. வெள்ளம் வடிந்த பிறகு சாலக்குடி ஆற்றில் வலை வீசியவர்களுக்கு அரபைமா சிக்கியது. அமேசானின் மீன். இரண்டு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது, நீர்மட்டத்துக்கு வந்து காற்றைச் சுவாசிப்பது. அதே ஆற்றில்தான் உலகில் வேறெங்கும் இல்லாத மேற்குத் தொடர்ச்சி மலையின் சின்னச் சின்ன மீன்கள் வாழ்கின்றன.